சன்னலோரக் கட்டிலின் சிவப்புத் துணி

தேநீர் நன்றாக இருக்கிறது ஐயா. ஆறுவதற்குள் குடித்து முடிப்பதே எனக்குப் புதிதாக இருக்கிறது. எங்கள் வார்டில் தேநீர் என்றால் ஊற்றி வைத்து, ஆடை படிந்து, கடைசியில் யாராவது சன்னல் வழியாகக் கொட்டுகிற சமாச்சாரம். அவசரமில்லை. நான் நிதானமாகவே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

விசாரணைக்கு வந்தபோது ஆண்கள் வார்டை நீங்களே பார்த்தீர்கள். கட்டிலில் ஒருவர், கட்டிலுக்கு அடியில் ஒருவர். ஐந்து டாக்டர்கள் பார்க்க வேண்டிய வார்டை நானும் சின்ன டாக்டரும் பார்த்தோம். அவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் பெரிய டாக்டர். நடுவில் வேறு டாக்டரே இல்லாததால் குழப்பம் வந்ததில்லை.

நோயாளியின் கேஸ் ஷீட்டைப் புரட்ட எங்களுக்கு ஏது நேரம்? அதனால் நான் ஒரு வழி வைத்திருந்தேன். சீழ் வற்றுவதற்காக வார்டில் எல்லோருக்கும் போடும் ஊசி ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாது என்றால், அவர் கட்டில் கம்பியில் ஒரு சிவப்புத் துணி கட்டுவோம். துணி இருந்தால் வேறு மருந்து. இல்லாவிட்டால் கேள்வி கேட்காமல் ஊசி. அதை வைத்தே வருஷக்கணக்காகக் காலம் தள்ளினோம். ஒரு தவறும் நடந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

சின்ன டாக்டர் கெட்டிக்காரி. நரம்பே அகப்படாத கையிலும் ஒரே குத்தில் ஊசி ஏற்றிவிடுவாள். அவள் வந்த பிறகுதான் நான் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். அப்படிப்பட்டவள் ஒரு நாள் ராஜினாமாக் கடிதத்தோடு வந்து நின்றாள்.

"எம் பொண்ணு என்னைப் பாத்தா அழுறா சார். எங்கம்மா இடுப்பை விட்டு இறங்க மாட்டேங்குறா. என்னை யாரோன்னு நினைக்கிறா."

"குழந்தைன்னா அப்படித்தாம்மா. போகப் போகச் சரியாயிடும்."

"நான் வீட்டுல இருந்தாத்தானே சார் சரியாகும்?"

எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். என்னைப் பார்த்தால் அழமாட்டான். எழுந்து நின்று 'வாங்க' என்பான், விருந்தாளியிடம் சொல்வதுபோல.

அலுவலகத்தில் போய், இதைத் தடுக்க முடியாதா என்று கேட்டேன். ஹெட் கிளார்க் சிரித்தார். "அவங்க மேல விசாரணை ஏதாவது இருந்தாத்தான் சார் போக விடமாட்டோம். இருந்தாச் சொல்லுங்க, வருஷக்கணக்கா இழுத்துடலாம்." அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அந்த மனிதரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

சன்னலோரக் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். காலில் புண். வாட்டசாட்டமான ஆள், வாய் ஓயாது. "என்ன டாக்டரே, இன்னிக்கும் டபுள் டூட்டியா? எங்க டிப்போவுலகூட இப்படிப் பிழிய மாட்டாங்க. சாப்பிட்டீங்களா இல்லையா?" என்பார். அந்த வார்டில் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான். அவர் கட்டிலில் சிவப்புத் துணி இருந்தது. கட்டியது நான். அவிழ்த்ததும் நான்தான்.

யோசித்துத்தான் செய்தேன். வயதானவரையோ நெஞ்சுவலிக்காரரையோ தொடவில்லை. இவருக்குக் கொஞ்சம் மூச்சு முட்டும், அதை முறிக்கும் மாற்று ஊசி போட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார், ஒரு விசாரணை வரும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அந்த மாற்று ஊசியை மருந்துத் தட்டிலிருந்து எடுத்து என் கோட்டுப் பையில் தயாராக வைத்துக்கொண்டேன். சிஸ்டரை அன்று பிரசவ வார்டுக்கு இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். மதிய ஊசிகளைச் சின்ன டாக்டரே போட்டுக்கொண்டு வந்தாள். பக்கத்துக் கட்டிலில் ஒருவருடைய நாடியைப் பிடித்தபடி நான் நின்றேன்.

டிரைவருக்குப் போட்டுவிட்டு அவள் அடுத்த கட்டிலுக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து அட்டெண்டர் ஓடி வந்தார். "சார், அவசரப் பிரிவுல டாக்டரே இல்ல. ஒரு குழந்தைக்குத் தொண்டையில என்னமோ சிக்கி நீலமாயிடுச்சு."

நான் என்ன செய்திருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள். போனேன். குழந்தை பிழைத்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தபோது சின்ன டாக்டர் கட்டில்மேல் ஏறி, டிரைவரின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். "மாத்து ஊசி எங்க சார்? தட்டுல இருந்துச்சே, காணோமே" என்றாள். வார்டில் இருந்தது அந்த ஒன்றுதான். பக்கத்து வார்டில் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனேன். எல்லாம் முடிந்த பிறகு, யாரும் பார்க்காதபோது துணியைத் திரும்பக் கட்டினேன். டிரைவரின் மனைவி வந்து சின்ன டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "காலையிலகூடச் சிரிச்சுப் பேசினாரேம்மா" என்றார். அவள் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணுல படல. என் தப்புதான்" என்று உங்களிடம் எழுதிக் கொடுத்தாளாமே. பாவம்.

ராஜினாமா நின்றது. அவள் தினமும் வருகிறாள். ஒவ்வொரு கட்டில் கம்பியையும் கையால் தடவிப் பார்த்த பிறகுதான் ஊசியை எடுக்கிறாள். இப்போது ஒரே குத்தில் ஏற்ற முடிவதில்லை. போகப் போகச் சரியாகிவிடும்.

ஆனால் அவளை வேலையை விட்டே நீக்கப் போகிறீர்கள் என்று இன்று காலை கேள்விப்பட்டேன். அது நான் நினைத்துப் பார்க்காதது. அதனால்தான் வந்தேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நான் திரும்பி வந்தபோது டிரைவரின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். மெலிதாக நாடி இன்னும் இருந்தது. பையில் கை விட்டேன், ஊசி விரலில் தட்டுப்பட்டது. எடுத்தால், 'இது எப்படி சார் உங்க பைக்குள்ள வந்துச்சு?' என்று அவள் கேட்பாள். கேட்டுவிட்டால் பழி அவள்மேல் விழாது, அவள் போய்விடுவாள். கையை வெறுமனே வெளியே எடுத்தேன். ஊசி இதோ இருக்கிறது. கொலை என்றே எழுதுங்கள், நான் மறுக்கவில்லை.

ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். அவள்மேல் குற்றமில்லை என்ற உத்தரவை உடனே கொடுத்துவிடாதீர்கள். கொஞ்சம் இழுத்தடியுங்கள். என்னைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய், அவளும் வீட்டுக்குப் போய்விட்டால், அந்த நோயாளிகளை யார் ஐயா அக்கறையாகப் பார்ப்பார்கள்?