இரண்டாவது கையெழுத்து

இரவு எட்டே முக்கால். தேவாரம் ஊரிலிருந்து மலையடிவாரத்துக்குப் போகும் சாலை... ஒரு வண்டி, ஒரு வெளிச்சம் கிடையாது. பவானி டீச்சர் ஸ்கூட்டரில் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள்.

பவானி நம் கயலின் பெரியம்மா மகள். கயல் இங்கேதான் இருக்கிறாள். நான் கூட்டிச் சொன்னால் தடுக்கட்டும்.

கோடை விடுமுறையில் அறிவியல் ஆசிரியர்களுக்கு அந்த மலையடிவாரத்து ஆய்வகத்தில் நாற்பது நாள் பயிற்சி. பவானிக்கும் வருசநாட்டுப் பிச்சைமணி சாருக்கும் திராட்சையை அழுகவைக்கும் பூஞ்சையைக் கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டு கண்ணாடித் தட்டு. தினமும் இரவு ஒன்பது மணிக்கு, பூஞ்சை எத்தனை மில்லிமீட்டர் படர்ந்திருக்கிறது என்று ஒருவர் அளந்து எண்ணைச் சொல்ல வேண்டும். இன்னொருவர் குனிந்து பார்த்து, “சரி” என்ற பிறகே எழுத வேண்டும். நோட்டில் இரண்டு கையெழுத்து. ஒரு நாள் ஒன்று குறைந்தாலும் மொத்தக் கணக்கும் செல்லாது; அறிக்கையில் பெயரும் வராது.

பிச்சைமணி சார் சுக்குக் காப்பி கொண்டுவருவார். பிளாஸ்கின் மூடியில் முதலில் அவளுக்குத்தான் ஊற்றுவார். “குடிங்க டீச்சர். கை நடுங்குனா அளவு தப்பிப்போகும்.”

முப்பதாம் நாள் அவருக்கு நெஞ்சுவலி. ஊருக்குப் போகும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: “நான் வரலைன்னே எழுதிருங்க டீச்சர்.”

அவள் எழுதவில்லை. அவர் கையெழுத்தைப் போட்டாள். மறுநாளும் போட்டாள். அதற்கு மறுநாளும். ஒரு முறை போய்ப் பார்க்கவும் இல்லை.

நான்காம் நாள் மாலை அவர் மனைவி சுப்புத்தாய் போன் செய்தாள். அழக்கூட இல்லை. “மூணு ராத்திரியா ஒம்பது மணியானா எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு, அங்கன டீச்சர் தனியா நிப்பாகன்னு பொலம்புனாக. மத்தியானம் போய்ச் சேந்துட்டாக.”

வருசநாட்டுக்குப் போயிருக்க வேண்டும். பவானி அந்த ராத்திரி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனாள்.

பூட்டைத் திறந்தாள். பூஞ்சை வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியின் ரீங்காரம்... அதோடு சுக்கு வாசனை. காற்றில் எங்கிருந்தோ வருகிறது என்று நினைத்துக்கொண்டாள். முதல் தட்டை எடுத்து அளந்தாள். பழக்கத்தில் வாய்விட்டுச் சொன்னாள்.

“நாப்பத்தி ரெண்டு.”

பின்னாலிருந்து, மெதுவாக...

“சரி.”

திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை. இரண்டாம் தட்டு. “சரி.” மூன்றாவது. “சரி.” ஏழாவது தட்டில் கண் கலங்கி எண்ணைத் தப்பாகச் சொன்னாள்.

சத்தம் வரவில்லை.

மறுபடி அளந்தாள். ஐம்பத்தொன்று. காதுக்குப் பக்கத்தில், “சரி.”

பன்னிரண்டும் முடிந்து நோட்டைத் திறந்தாள். அங்கே தவறை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் உண்மையை எழுத வேண்டும். அவள் போட்ட மூன்று கள்ளக் கையெழுத்தின் மேலும் ஒற்றைக் கோடு. பக்கத்தில் அவருடைய சாய்ந்த எழுத்து: வரவில்லை. வரவில்லை. வரவில்லை.

அன்றைய வரிசையில், மை காயாமல்: வந்தேன்.

அதைப் பார்த்தாவது மனசு இளகியிருக்கலாம். விடிய விடிய உட்கார்ந்து, மூன்றாம் இரவு வரைக்கும் புது நோட்டில் பிரதி எடுத்தாள், மூன்று கையெழுத்தையும் மறுபடி போட்டாள், பழையதைக் கொளுத்தினாள். காலையில் வெளியூரிலிருந்து திரும்பிய ஆய்வகத் தலைவர் கேட்டார். உடம்பு சரியில்லாதவர் மூன்று நாளும் வந்தாரா?

“வந்தாக சார்,” என்றாள் பவானி. சொல்லிவிட்டு, தன்னை அறியாமல் பின்னால் காது கொடுத்து நின்றாள்.

ஒரு சத்தமும் இல்லை.

அவர் இறந்துவிட்டதால் கணக்கை அந்த மூன்றாம் இரவோடு முடித்துக்கொண்டார்கள். அறிக்கையில் அவள் பெயர் வந்தது. சான்றிதழ் வீட்டில் மாட்டியிருக்கிறது. இப்போதும் வகுப்பில் எதையாவது அளந்து சொன்னால், சொல்லிவிட்டு நிற்கிறாளாம். பிள்ளைகளும் எழுதாமல் காத்திருக்கும். அந்தச் “சரி” மட்டும் வருவதே இல்லை.

ஆனால் தினமும் இரவு ஒன்பது மணிக்கு, அவள் வீட்டு மேசையில் ஒரு பிளாஸ்க் மூடி நிறைய சுக்குக் காப்பி இருக்கும். அந்த வீட்டில் பிளாஸ்க்கே கிடையாது.

கயல் இதுவரைக்கும் வாய் திறக்கவில்லை. இப்போதுதான் சொன்னாள்:

“தொட்டுப் பாத்தேன். சுடுது.”