கடைசிப் பாட்டு பதினோரு நிமிடம்

இந்த வருடம் வந்த ராக் ஆல்பங்களில் முக்கால்வாசி தேவைக்கு மேல் நீளம். இதைக் கோபத்தில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் வெளியாவதையெல்லாம் முதலிலிருந்து கடைசிவரை கேட்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். பாப் பாட்டுக்கு எதிர் வியாதி. எடுத்த எடுப்பில் பல்லவி, மறுபடியும் பல்லவி, இரண்டேகால் நிமிடத்தில் கதை முடிந்துவிடும். கேட்பவன் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவானோ என்ற பயம் வரிக்கு வரி தெரியும். போன மாதம் ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டி வந்த ஒரு பாப் பாடகியின் ஆல்பத்தில் பதினான்கு பாட்டு. ஒன்றுகூட மூச்சு விடவில்லை. ராக் குழுக்களுக்கோ நிறுத்தத் தெரியாது. சொல்ல வந்ததைச் சொன்ன பிறகும் கிட்டாரை உரசிக்கொண்டே நிற்பார்கள், விடைபெற்ற பிறகும் வாசலை மறைத்துக்கொண்டு பேசும் விருந்தாளி மாதிரி.

நடந்ததை மட்டும் எழுதச் சொன்னீர்கள். இதுவும் நடந்ததில் சேர்த்திதான் சார்.

கல்லூரியை இரண்டாம் வருடம் விட்டேன். ஆறு வருடமாகக் குளிர்பதனக் கிடங்கில் வேலை, பெரும்பாலும் இரவுப் பணி. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து எட்டு அறைகளின் குளிர் அளவை மணிக்கொரு தடவை குறிக்க வேண்டும். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டு பொத்தானை அமுக்கும்போதெல்லாம் என் மேசையில் மணி அடிக்கும், கதவைத் திறக்கும்வரை அந்த அறை எண்ணுக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும். பகலில் அக்கா வீட்டுப் பின்னறையில் தூங்குவேன். "காதுல அதை மாட்டிட்டா வீடு பத்தி எரிஞ்சாலும் உனக்குத் தெரியாதுடா" என்பாள் அக்கா. அது தவறு. எனக்கு எல்லாம் கேட்கும்.

கேட்ட ஆல்பங்களைப் பற்றி இணையத்தில் எழுதிவந்தேன். நானூறு பதிவு இருக்கும். அவற்றுக்குப் பதில் எழுதியவன் ஒரே ஒருவன், எங்கள் கிடங்கில் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன். சுமை கண்ணை மறைக்கிறது என்று எந்நேரமும் பின்பக்கமாகவே ஓட்டுவான். அதனால் எல்லோருக்கும் அவன் ரிவர்ஸ். வெளியே ஒரு குழுவில் டிரம்ஸ் வாசித்தான்.

எங்கள் இருவருக்கும் ஒரு விதி உண்டு. புது ஆல்பம் ஓடும்போது ஹெட்போனைக் கழற்றக் கூடாது, பேசக் கூடாது. இரண்டு தடவை கேட்ட பிறகுதான் அபிப்பிராயம். இடைவேளையில் ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டி, ஒரே நொடியில் பாட்டை அமுக்கி, எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். என் வாழ்க்கையில் நான் யாருடனாவது இருந்தேன் என்றால் அந்த நேரங்களில்தான்.

சம்பவம் நடந்தது ஒரு ஞாயிறு பகல். கிடங்கில் நாங்கள் இரண்டு பேர்தான். அவனுக்கு அது கடைசி நாள். அவர்கள் குழு முதல் ஆல்பத்தை முடித்துவிட்டு எட்டு மாதம் ஊர் ஊராக வாசிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தது.

"இந்தா விமர்சகரே. ஊருக்கு வெள்ளிக்கிழமை, உனக்கு இன்னிக்கே" என்று பாட்டுகளை என் கைப்பேசிக்கு அனுப்பினான்.

கடைசிப் பாட்டை ஒரு மாதம் முன்பே போட்டுக் காட்டியிருந்தான். பதினோரு நிமிடம். ஏழிலேயே அது முடிந்துவிடுகிறது, மீதி நான்கை வெட்டு என்று சொல்லியிருந்தேன்.

"வெட்டினியா?"

"பசங்க வேணாம்னுட்டானுங்க."

"நான் சொன்னேன்னு சொன்னியா?"

"சொன்னேன்டா. யாரு அவன்னு கேட்டானுங்க." சிரித்தான். "விடு. நாளைக்கு என் இடத்துக்கு ஒருத்தன் வரான். அவனுக்குப் பாட்டுன்னா ரிங்டோன்தான். நீ தொலைஞ்ச."

பிறகு என் காதில் அவனே ஹெட்போனை மாட்டிவிட்டான். "ரெண்டு தடவை. முடியிற வரைக்கும் கழட்டக் கூடாது. சத்தியமா?"

"சத்தியம்."

"மூணாம் நம்பர்ல ரெண்டு பெட்டி இருக்கு, எடுத்து வெச்சிட்டு வரேன்."

மூன்றாம் அறை வேகமாக உறையவைக்கிற அறை. மைனஸ் முப்பத்தைந்து, மேலே பெரிய விசிறிகள். உட்பக்கக் கைப்பிடி இரண்டு வாரமாக வேலை செய்யவில்லை என்பதால், உள்ளே போகிறவர் கதவிடுக்கில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டுப் போவது வழக்கம். அவன் அதைக் காலால் ஒதுக்கினான். "நீதான் இங்க இருக்கியே" என்றான். கோட்டைக்கூட என் நாற்காலி முதுகில் போட்டுவிட்டுத்தான் போனான்.

மணி கேட்கவில்லை என்று முதல் வாக்குமூலத்தில் சொன்னேன். அதைத் திருத்துகிறேன்.

இரண்டாம் பாட்டின் நடுவில் விளக்கு எரிந்தது. மணியும் கேட்டது. பாட்டின் சுருதிக்குக் கொஞ்சம் கீழே இருந்ததால் தனியாகத் தெரிந்தது. முதலில் தாறுமாறாக அடித்தது. நான்காம் பாட்டில் தாளத்துக்கு வந்துவிட்டது. நான் எந்தப் பாட்டில் இருப்பேன் என்று கணக்குப் போட்டு அதே தாளத்தில் பொத்தானை அமுக்கியிருக்கிறான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பான். நன்றாகவே வாசித்தான். ஆறாம் பாட்டில் தாளம் தவறியது. அவனுக்குத் தாளம் தவறி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

மேசையிலிருந்து அந்தக் கதவுக்கு முப்பது அடிகூட இராது. வெளிக் கைப்பிடி ஒரு கையால் திரும்பும். நான் எழவில்லை. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை, இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். திறந்தால் வெளியே வருவான், நாலு வசவு வைவான், கோட்டை மாட்டுவான், போய்விடுவான். ஆல்பம் ஓடும்வரை அவன் போகவில்லை. கொடுத்த வாக்கும் இருந்தது.

நாற்பத்தேழு நிமிடத்தில் ஆல்பம் முடிந்தது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மறுபடி முதல் பாட்டை அமுக்கினேன்.

இரண்டாம் தடவை மணி இல்லை. அதனால் பாஸ் கிட்டார் மிகத் தெளிவாகக் கேட்டது. முதல் தடவை மூன்று நட்சத்திரம் என்று நினைத்திருந்தேன், நான்கு கொடுத்தேன். டிரம்ஸ் அபாரம். அதை அவனிடம் சொல்வதற்காகத்தான் கதவைத் திறந்தேன். கதவை ஒட்டிப் படுத்திருந்தான். நாடி இருந்தது. கோட்டைப் போர்த்திவிட்டு ஆம்புலன்சுக்குச் சொன்னேன். நான்கு நட்சத்திரம் என்று காதருகில் சொன்னேன். கேட்டதா என்று தெரியவில்லை.

வண்டியிலேயே உயிர் போய்விட்டதாகவும், ஐந்தாறு நிமிடம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னதாகவும் நீங்கள்தான் சொன்னீர்கள். அந்தக் கடைசி நான்கு நிமிடத்தை வெட்டச் சொல்லி ஒரு மாதம் முன்பே சொன்னவன் நான். இரண்டு தடவைக்கு எட்டு நிமிடம். அவர்கள் வெட்டவில்லை சார்.