காவி தாங்கும் பற்கள்

ஒட்டுசுட்டானிலிருந்து முல்லைத்தீவு போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவனின் ஆடும் இரண்டு பற்களைக் காட்ட மனைவி அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்.

“பல்லில படிஞ்ச காவியை டொக்டர் சுரண்டினால் ரெண்டும் விழுந்திடும். வேலிக்கட்டைக்கு மண் அணைச்ச மாதிரி அதுதான் பிடிச்சுக்கொண்டு நிக்குது” என்றார் கணவன்.

“கட்டையைச் சுத்தி நிக்கிறதெல்லாம் நாங்கள் அணைச்ச மண்ணோ? கறையான் புத்தும் மண்தானப்பா. பல்லு முரசில இரத்தம் வரேக்கயே ஒழுங்காப் பல்லுத் தீட்டுங்கோ எண்டு சொன்னனான்.”

“தீட்டினால்தானே இரத்தம் வந்தது. அதுதான் விட்டனான்.”

“விட்டபடியால்தான் முரசு கரைஞ்சு பல்லு ஆடுது.”

கணவன் கன்னத்தைத் தடவியபடி வெளியே ஓடும் வேலிகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“கறையானெண்டால், வேலிக்கட்டைக்குப் பூசுற கழிவு ஒயிலைப் பூசினால் காணாதோ?”

மனைவி ஆஸ்பத்திரித் தரிப்பிடத்துக்கு மணியை அடித்துவிட்டு, அவருடைய சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.