கழட்டி எடுத்துட்டுப் போற மாதிரி ஒண்ணு

மாமனார்: ...அதனாலதான் சொல்றேன், செயற்கைக்கோள்ங்கறது ஒரு சமுத்திரம். அதுல சி பேண்டுன்னு ஒரு அலைவரிசை, கே.யூ பேண்டுன்னு ஒரு அலைவரிசை. முன்னதுக்கு...

கடைக்காரம்மா: சார், இந்த டிஷ் கடையே என்னுதுதான்.

மாமனார்: இருக்கட்டுமே. தெரிஞ்ச விஷயத்தைத் திரும்பக் கேட்டா ஒண்ணும் குறைஞ்சுடாது. முன்னதுக்குப் பெரிய டிஷ் வேணும். பின்னதுக்குச் சின்னது போதும்.

மருமகன்: மாமா, அவங்க சாப்பிடப் போகணும் போலிருக்கு.

கடைக்காரம்மா: போலிருக்கு என்ன போலிருக்கு? சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வச்சுட்டு எவ்வளவு நேரமா உக்காந்திருக்கேன்! மாசக் கட்டணம் இல்லாம இலவசமா வர்ற சேனல் எல்லாம் வேணும், அவ்வளவுதானே சார்? எந்த வீட்டுக்கு?

மாமனார்: என் வீட்டுக்கு.

மருமகன்: எங்க வீட்டுக்கு.

கடைக்காரம்மா: ரெண்டும் ஒண்ணுதானே?

மாமனார்: இல்லம்மா. இவர் என் மாப்பிள்ளை. என் வீட்ல வெள்ளையடிக்கிற வேலை நடந்துது. பத்து நாள் பொண்ணு வீட்ல இருக்கலாம்னு வந்தேன்.

மருமகன்: இது ஏழாவது மாசம்.

மாமனார்: சுவர் காய வேண்டாமா?

கடைக்காரம்மா: ஏழு மாசமாவா? வீட்டை ஏரிக்குள்ள கட்டிட்டீங்களா சார்?

மாமனார்: இப்பக் காஞ்சுடுச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை கிளம்பறேன். எங்க ஊர்ப் பக்கம் இந்த மாதிரிக் கடை கிடையாது. பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டுப் போற மாதிரி ஒரு ரெண்டடி டிஷ் கொடுங்க. கழட்டி எடுத்துட்டுப் போற மாதிரி ஒண்ணு.

மருமகன்: எட்டடி டிஷ் காட்டுங்கம்மா.

மாமனார்: மாப்பிள்ளை, எட்டடியை மடியில வச்சுக்கிட்டா பஸ்ஸை யார் மடியில வைக்கிறது?

மருமகன்: பஸ்ஸுல எதுக்கு வைக்கணும்? எங்க மொட்டை மாடியில வைக்கலாம்னேன்.

மாமனார்: நான் அங்க இருக்கப் போறேன், டிஷ் எதுக்கு இங்க?

மருமகன்: அது... வந்து... மழை! மழை வந்தா கே.யூ பேண்ட் நின்னுடும். சி பேண்ட் நிக்காது.

கடைக்காரம்மா: தம்பி சொல்றது சரிதான் சார்.

மாமனார்: சரிதான், ஏன்னா நான் சொல்லிக் கொடுத்தது.

மருமகன்: ஆமா, நீங்க சொன்னதுதான்! தினம் ராத்திரி சாப்பிடும்போது. 'ரெண்டடி டிஷ்ஷெல்லாம் ஒரு டிஷ்ஷா? மேல ஒரு காக்கா தும்மினா படம் போயிடும்'னு சொன்னது யாரு?

மாமனார்: ஒரு பேச்சுக்குச் சொன்னது.

மருமகன்: 'சோப்பு டப்பா'ன்னு சொன்னது?

மாமனார்: அறிவாளின்னா கருத்தை மாத்திக்கவும் தெரியணும், மாப்பிள்ளை.

கடைக்காரம்மா: சார் இந்தத் துறையில இருந்தவரோ?

மாமனார்: ஒலிபரப்பு நிலையத்துல முப்பது வருஷம்.

மருமகன்: ஸ்டோர்ஸ்ல.

மாமனார்: ஸ்டோர்ஸ்தான் எந்த நிலையத்துக்கும் இதயம். ஒரு திருகாணி வேணும்னாலும் இன்ஜினியர் எங்கிட்ட வந்து நின்னாகணும்.

கடைக்காரம்மா: சரிங்க இதயம் சார். நான் ஒரு வழி சொல்லட்டுமா? ஆறடியில தகடு டிஷ் இருக்கு. ஒரே டிஷ்ஷுல சி பேண்டுக்குச் சிக்னலை வாங்கற எல்.என்.பி ஒண்ணு, பக்கத்துலயே கே.யூக்கு ஒண்ணு மாட்டிடலாம். ரெண்டு பேருக்கும் பொதுவா...

மாமனார்: கழட்ட முடியுமா?

மருமகன்: கழட்ட முடியாத மாதிரி வைக்க முடியுமா?

கடைக்காரம்மா: ...தம்பி, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க அப்பா வந்தாருன்னா, மறுநாளே என் வீட்டுக்காரர் 'டிவி ரிப்பேர்'னுடுவார். டிஷ் கடைக்காரியோட வீட்டுக்காரர்! நீங்க என்னடான்னா ஊருக்குப் போறேன்னு சொல்ற மாமனாருக்கு எட்டடியில டிஷ் நடணும்னு நிக்கறீங்க.

மருமகன்: எனக்குப் படம் தெளிவா இருக்கணும். வேற ஒண்ணும் இல்ல.

மாமனார்: நீங்க எங்க மாப்பிள்ளை படம் பாக்கறீங்க? நான் டிவி போட்டா செல்லை எடுத்துக்கிட்டு பால்கனிக்குப் போயிடறீங்க.

மருமகன்: அது... காத்தாட.

மாமனார்: தினமுமா?

மருமகன்: நீங்க செய்திக்கு நடுவுல செய்தி வாசிக்கறீங்க மாமா. அவங்க ஒரு வரி சொன்னா நீங்க அதுக்குப் பத்து வரி விளக்கம்.

மாமனார்: பாத்தீங்களாம்மா? அதனாலதான் சொல்றேன், ரெண்டடி. யாருக்கும் தொந்தரவு இல்லாம என் வீட்ல, என் சுவத்துல...

மருமகன்: தொந்தரவுன்னு நான் சொன்னேனா?

மாமனார்: நீங்க ஏன் சொல்லணும்? எனக்குத் தெரியாதா? யார் வீட்லயும் பாரமா இருக்கறவன் நான் இல்ல.

மருமகன்: வந்துடுச்சு. இது தினம் சாயங்காலம் வர்றது. இன்னிக்கு மத்தியானமே வந்துடுச்சு.

கடைக்காரம்மா: சார், தம்பி... சோறு ஆறிப்போச்சு. ஒரு முடிவுக்கு வாங்க. சின்னதுன்னா கட்டிக் கொடுத்துடறேன். பெருசுன்னா ஒரு விஷயம் சொல்லணும். எட்டடியைச் சும்மா கொண்டுபோய் வச்சுட முடியாது. மாடியில காங்கிரீட் மேடை போட்டு, நடுவுல இரும்புக் குழாய் நட்டு, அது காய விட்டு...

மருமகன்: போட்டாச்சு.

மாமனார்: எது?

மருமகன்: மேடைதான் மாமா.

மாமனார்: மாப்பிள்ளை, போன வாரம் கொத்தனார் வந்து ஒரு மேடை போட்டாரே. அது தண்ணித் தொட்டிக்குன்னுதானே சொன்னீங்க?

மருமகன்: சொன்னேன்.

மாமனார்: நடுவுல குழாய் எதுக்குன்னு கேட்டேன். துணி காயப் போடன்னீங்க.

மருமகன்: அவசரத்துல வாயில வந்தது.

மாமனார்: ஒத்தைக் குழாயில எவனாவது துணி காயப் போடுவானா? மாப்பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு பயந்து என் பொண்ணுகிட்டகூடக் கேட்டேன்.

மருமகன்: அவ என்ன சொன்னா?

மாமனார்: 'அவர் எப்பவுமே அப்படித்தான்ப்பா'ன்னா.

கடைக்காரம்மா: சார், ஒலிபரப்பு நிலையத்துல முப்பது வருஷம்னீங்க. அந்தக் குழாயைப் பாத்துமா தெரியல?

மாமனார்: ஸ்டோர்ஸ்ல குழாயெல்லாம் படுத்துக்கிட்டுத்தாம்மா இருக்கும்... நின்னு பாத்ததில்ல.

மருமகன்: காங்கிரீட் காஞ்சாச்சு மாமா. உங்க சுவர் மாதிரி ஏழு மாசம் எடுத்துக்கல.

மாமனார்: அப்ப இது... என் பொண்ணுக்கும் தெரியுமா?

மருமகன்: அவதான் கொத்தனாரைக் கூப்பிட்டதே. இன்னிக்குக் கிளம்பும்போது என்ன சொல்லி அனுப்பினா தெரியுமா? 'பெருசு வாங்கினா ரெண்டு பேரும் வாங்க. சின்னது வாங்கினா நீங்களும் அப்பாகூடவே பஸ் ஏறிடுங்க.'

கடைக்காரம்மா: அட!

மாமனார்: இதை என்கிட்ட நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

மருமகன்: எப்பச் சொல்றது? 'பாரமா இருக்கறவன் நான் இல்ல'ன்னு ஆரம்பிச்சீங்கன்னா அதுக்கு நடுவுல ஒரு கமா கிடைக்குதா? நானும் உங்க பொண்ணும் மாறி மாறிக் காத்துக்கிட்டிருந்து பாத்துட்டோம்.

மாமனார்: அதான்... செய்திக்கு நடுவுல செய்தி வாசிக்கறேன்னீங்களே.

மருமகன்: வாசிக்கறீங்கதான். இல்லேன்னு சொல்லல. பால்கனிக்குப் போறதும் நிஜந்தான். ஆனா மாமா... முன்னாடியெல்லாம் வேலை முடிஞ்சு வந்தா நானே பூட்டைத் திறந்து, நானே லைட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். அவ வர எட்டு மணி ஆகும். இப்ப பெல்லை அழுத்தினா உள்ளேருந்து 'யாரது?'ன்னு ஒரு அதட்டல். என் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு நான் யாருன்னு நான் சொல்லணும்.

மாமனார்: பாதுகாப்புக்காகக் கேக்கறதுதான்.

மருமகன்: கேளுங்க. தினமும் கேளுங்க. அது இல்லாம அந்த வீட்டுக்குள்ள போறதை நினைச்சாலே... அதுவும் போக, நீங்க வந்த பிறகு உங்க பொண்ணு திட்டறதுக்கு இன்னொரு ஆள் கிடைச்சுட்டார். என் பங்கு பாதியாக் குறைஞ்சிருக்கு. அதைத் திரும்ப முழுசா வாங்கற வயசா எனக்கு?

கடைக்காரம்மா: இது உண்மையான காரணம். இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் அப்பவே சாப்பிட்டிருப்பேன்.

மருமகன்: மாமா? என்ன, கண்ணைத் துடைக்கறீங்க?

மாமனார்: கடையில தூசி. நல்ல கடைன்னா தட்டித் துடைச்சு வைக்கணும்.

கடைக்காரம்மா: வச்சுடறேன் சார். அப்ப எட்டடிதானே?

மாமனார்: எட்டடி! வலை டிஷ். சி பேண்டுக்கு அதுதான் கம்பீரம். ஆனா கே.யூவை விட்டுட முடியுமா? அது விஞ்ஞானத்துக்குச் செய்யற அநியாயம். அதனால...

மருமகன்: ஆரம்பிச்சுட்டார். அப்பாடா!

கடைக்காரம்மா: அதனால எட்டடி ஒண்ணு, பக்கத்துல ரெண்டடி ஒண்ணு. ரெண்டு ஒயரையும் ஒரு சுவிட்ச்சுல சேத்து ஒரே பெட்டிக்குக் கொண்டு வந்துடலாம். எல்லாம் ஒரே ரிமோட்ல. சரியா?

மாமனார்: நான் சொல்ல வந்ததே அதுதான்.

கடைக்காரம்மா: தெரியும் சார். இல்ல, ஊர்ல இருக்கற உங்க வீட்டுக்கும் ஒரு ரெண்டடி தனியா எடுத்து வைக்கட்டுமா? பண்டிகை, விசேஷம்னு போனா வந்தா பாக்கலாமே.

மாமனார்: அங்க எதுக்கும்மா?

மருமகன்: ஏன் மாமா, வெள்ளையடிச்ச வீடு. சும்மா பூட்டியா கிடக்கணும்?

மாமனார்: பூட்டிக் கிடக்கல. வாடகைக்கு விட்டாச்சு.

மருமகன்: எப்ப?

மாமனார்: வெள்ளையடிச்ச கையோட. ஒரு நல்ல குடும்பம். குழந்தை குட்டியோட இருக்காங்க.

மருமகன்: மாமா! அப்ப ஞாயித்துக்கிழமை அந்த ரெண்டடி டிஷ்ஷை மடியில வச்சுக்கிட்டு எங்கதான் போறதா இருந்தீங்க?

மாமனார்: அதுதான் எனக்கும் தெரியல மாப்பிள்ளை... யாராவது 'இருங்க'ன்னு சொல்லிடுவீங்கன்னு ஏழு மாசமா போறேன் போறேன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்கவே காணோம்... நானும் எவ்வளவு நாள்தான் அந்தச் சுவத்தைக் காய வைக்கிறது?