எஞ்சின் காட்டிய மணி

ஃபேனைக் கொஞ்சம் குறைத்துவைக்கச் சொல்லுங்கள், சார். எனக்குச் சைனஸ் தொந்தரவு உண்டு. மற்றபடி இங்கே ஒரு குறையும் இல்லை. உங்கள் ஏட்டு வாங்கிக்கொடுத்த டீகூட நன்றாகவே இருந்தது.

ரயிலிலிருந்து ஆரம்பிக்கிறேன். என் தம்பி விஜய்ஆனந்த் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். போன வருஷம், இரண்டாயிரத்து ஏழு தீபாவளிக்கு வந்தபோது, ஒரு பொம்மை ரயில் செட் கொண்டுவந்தான். பொம்மை என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். தெப்பக்குளத்துப் பக்கம் எங்கள் வீட்டு மாடி அறையில் பெரிய மேஜை போட்டு அதில் தண்டவாளம் பதித்தோம். அடுத்த வீட்டு சாய்குமார்தான் ஒத்தாசை. கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறவன், எங்கள் சௌராஷ்டிர ஆள்தான். என்னை அண்ணே என்பான். என் மனைவி ராதாமணியை அக்கா என்பான்.

தண்டவாளத்தில் கரண்ட் இருக்கும்வரை, நின்றுகொண்டிருக்கும் எஞ்சினிலும் முன்விளக்கு எரியும். சிக்னலுக்குக் காத்திருக்கும் நிஜ எஞ்சின் போலவே இருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது. தல்லாகுளத்தில் ஆபீசுக்குப் போகும்போதுகூட அதை அணைத்ததில்லை. அந்த ஸ்விட்சைத் தொடக்கூடாது என்று ராதாமணியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். சொன்னதைக் கேட்கிறவள்தான். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எஞ்சினுக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. எத்தனை மணி நேரம் ஓடியது என்று அது கணக்கு வைத்துக்கொள்ளும். எப்போது எண்ணெய் விட வேண்டும் என்று தெரிவதற்காக. ரயிலை ஓட்டுவதற்குக் கையில் பிடிக்கும் பெட்டியில் பார்த்தால் எண் தெரியும். ஒரு நாள் சாயங்காலம் சும்மா பார்த்தேன். நான் ஓட்டியதைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது.

பகலில் யாரோ ஓட்டியிருக்கிறார்கள். வேறு என்ன நினைக்க முடியும், சொல்லுங்கள்.

ராதாமணியிடம் சாதாரணமாகத்தான் கேட்டேன். வீட்டில் நாங்கள் சௌராஷ்டிரம் பேசுவோம், அவள் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன். துணி காயப்போட மட்டும்தான் மாடிக்குப் போனாளாம், அந்த அறைக் கதவைக்கூடத் திறக்கவில்லையாம். நான் கதவைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவளாக ஏன் கதவைச் சொல்ல வேண்டும்?

சாய்குமார் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவான். இரண்டு மாடிக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். தினமும் எண்ணைப் பார்க்க ஆரம்பித்தேன். தினமும் ஏறியது. இந்த வருஷம் கரண்ட் எப்படிப் போகிறது என்று உங்களுக்கே தெரியும். பகலெல்லாம் கரண்ட் இல்லாத நாட்களில் மட்டும் எண் அதிகம் ஏறவில்லை. ஃபேன் இல்லாத வெக்கையில் அவர்கள் மாடியறைக்குப் போகவில்லை என்று புரிந்துகொண்டேன். அந்த நாட்களில் நான் அவளிடம் பிரியமாக இருந்தேன். மல்லிகைப் பூகூட வாங்கிக்கொண்டு போனேன்.

ஒரு நாளும் கையை ஓங்கியதில்லை, அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளலாம். கேட்டேன், அவ்வளவுதான். சாப்பிடும்போது கேட்டேன், படுக்கும்போது கேட்டேன். அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, உடம்பு பாதியாகிவிட்டது. குற்றமில்லாதவள் ஏன் இளைக்கப்போகிறாள்? ஒரு நாள், அந்த ரயிலை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று அழுதாள். தடயத்தை அழிக்கப் பார்க்கிறாள் என்று தெரிந்துகொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், மேஜைக்கு அடியில் ஒரு வயர் விட்டுப்போய்விட்டது என்று சாய்குமாரைக் கூப்பிட்டேன். மறுபேச்சில்லாமல் வந்தான். ராதாமணி அப்போதுதான் அறையைக் கழுவிவிட்டிருந்தாள், நான்தான் கழுவச் சொன்னேன். ஈரத்தில் படுத்து உள்ளே நகர்ந்துகொண்டே கேட்டான்.

"அண்ணே, மெயின ஆஃப் பண்ணியாச்சுல்ல?"

"பண்ணியாச்சு தம்பி. நீ பாரு."

பண்ணவில்லை, சார். அங்கே என்ன மாற்ற வேண்டுமோ அதை முந்தின நாளே மாற்றிவைத்திருந்தேன்.

அவன் அதிகம் சத்தம் போடவில்லை. வெளியில் துணி உதறிக்கொண்டிருந்த ராதாமணி ஓடிவந்தாள். வெறுங்கால், ஈரக் கை. நான் ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவன் காலைப் பிடித்து இழுக்கப் போனாள். தொடாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் என் கண் முன்னாலேயே அவனைத் தொடுகிறாளா என்று பார்க்க வேண்டியிருந்தது. தொட்டாள். எனக்கு வேண்டிய அத்தாட்சி கிடைத்துவிட்டது. பிறகுதான் மெயினை அணைத்தேன்.

இரண்டு சாவையும் நீங்கள் விபத்து என்று எழுதினீர்கள். ஊரில் எல்லோரும், தம்பி மாதிரிப் பையனைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட மகராசி என்று பேசுகிறார்கள். அவள் படத்துக்கு மாலை போட்டிருக்கிறார்கள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. இது விபத்து இல்லை என்று சொல்லத்தான் இன்று நானாகவே வந்தேன்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, என் தம்பியிடம் ஃபோனில் பேசிவிட்டு வந்து நீங்கள் மெதுவாகத்தான் சொன்னீர்கள்.

"ஓடுனாலும் அந்த மணி ஏறுமாம், சும்மா நின்னாலும் ஏறுமாம். தண்டவாளத்துல கரண்ட் இருந்தாப் போதுமாம். மாட்டுன அன்னைக்கே உங்ககிட்ட சொன்னாராம்ல."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். தம்பி சொன்னது உண்மைதான். நான் மறக்கவும் இல்லை. சாய்குமாரை மேஜைக்கு அடியில் அனுப்பியதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ராதாமணி பழங்காநத்தத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். சாய்குமார் ஒரு கல்யாணத்துக்குத் திருச்சி போயிருந்தான். வீட்டில் நான் மட்டும்தான். மேஜைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நின்றுகொண்டிருந்த எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவே இல்லை. எண் மட்டும் ஒன்று கூடியது.

இத்தனை மாதமாக ஒருத்தியைச் சந்தேகப்பட்டாகிவிட்டது, சார். அதற்குமேல் அந்த எஞ்சினைச் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை.