மேகம் விலகிடுச்சு, ஜுவேரியா

ஹலோ... ஹலோ, ஜுவேரியா? வெச்சிடாதே! தயவுசெஞ்சு வெச்சிடாதேடி, நான் ரோஸி... ஆமா, ரோஸிதான்... தெரியும், ரெண்டு வருஷமாச்சு... தெரியும்டி, இனிமே என்கூட பேசமாட்டேன்னு சொல்லிட்டுத்தான் ஆராய்ச்சியே வேணாம்னு போனே. ஒரே ஒரு நிமிஷம். திட்டறதுன்னா அப்புறமா திட்டு, இப்போ உக்காரு... நின்னுக்கினே கேக்கறியா? சரி, எதையாச்சும் புடிச்சிக்கோ.

உன் கேலக்ஸி வெளிச்சமாயிடுச்சுடி!

...எந்த கேலக்ஸியா? இன்னாடி இப்படிக் கேக்கறே! நீ கண்டுபுடிச்சது. நடுவுல கருந்துளை வெச்சிக்கினு, எக்ஸ்ரேல பளபளன்னு இருந்துட்டு திடீர்னு மங்கிப்போச்சே, அது... ஆங், அதேதான்... ஆமா, ஆமா, காலைல ஒம்போதரைக்கு சாட்டிலைட் டேட்டா வந்துச்சு. கிராஃப் போட்டுப் பாத்தா பதினோரு மடங்கு... பதினொண்ணுடி! பத்தும் ஒண்ணும்!... செக் பண்ணேன்... அதுவும் செக் பண்ணேன். பக்கத்துல வேற எதுனாச்சும் நட்சத்திரமான்னு பாத்தேன், இல்ல, நட்டநடுவுல நம்மளுதுதான். மூணு தடவ பாத்தேன். சந்திரமௌலி சார் நாலாவது தடவ பாத்துட்டு, கண்ணாடியக் கழட்டித் தொடச்சிட்டு, அஞ்சாவது தடவ பாத்தாரு...

சிரிக்கறியா?... இருமலா? சரி, இருமல்னே வெச்சிக்கலாம்.

இரு, முக்கியமானத இன்னும் சொல்லல. ஏறினது சக்தி கம்மியான எக்ஸ்ரே மட்டும்தான். சக்தி அதிகமானது அன்னிக்கி எவ்ளோ இருந்துச்சோ இன்னிக்கும் அவ்ளோதான்... ஹலோ? லைன்ல கீறியா?... ஆமாடி. ஆமா. நீ சொன்னதேதான். கருந்துளை அடங்கவே இல்ல. முன்னாடி ஒரு வாயு மேகம் வந்து நின்னுக்கினு மறச்சிருக்குது. சக்தி அதிகமான எக்ஸ்ரே மட்டும் அதத் தொளச்சிக்கினு வந்துருக்குது. இப்போ மேகம் நவுந்துடுச்சு. நீ அப்பவே சொன்னே. நான்தான், "அதுக்குள்ள விழற வாயு காலி, தீனி தீந்துபோச்சு, செத்துப்போச்சு, விட்டுத் தள்ளு"ன்னேன். போர்டுல அதுக்கு மாலை வேற வரஞ்சு வெச்சேன்... நெனப்பு கீதா?... இருக்கும், இருக்கும்.

இன்னா சத்தம்?... ரயிலா? போவட்டும். மேற்கு மாம்பலத்துல டியூஷன் சென்டர் வெச்சா அப்படித்தான்... போயிடுச்சா?

ஜுவே, ஒண்ணு சொல்லணும். இன்னிக்கி சொல்லலன்னா எப்பவும் சொல்லமாட்டேன். நம்ம பேப்பர்லேர்ந்து உன் மேகக் கணக்கை எடுத்தாங்க இல்ல... அத எடுத்தது சார் இல்ல. சார் இருக்கட்டும்னுதான் சொன்னாரு. வெட்டச் சொன்னது நான்... ம்... நான்தான்டி. தப்பாப் போச்சுன்னா எல்லாரும் நம்மளப் பாத்து சிரிப்பாங்கன்னு பயந்துட்டேன்...

...தெரியுமா? எப்போலேர்ந்து?... நீ கெளம்பின அன்னிக்கேவா! அப்போ ரெண்டு வருஷமா, நானா வாயத் தொறக்கட்டும்னு காத்துக்கினு இருந்தியா?... அடிப்பாவி... இல்ல இல்ல, நான்தான் பாவி. ஆமா, ஆமா, ஒத்துக்கறேன். இன்னும் திட்டு... இன்னும்... அது கொஞ்சம் ஓவர்டி... சரி, அதுவும் நான்தான்.

...நியாயமான கேள்வி. ஆமா, கணக்கு வேணும்னும்தான் கூப்டேன். இன்னொரு சாட்டிலைட்டையும் அந்தப் பக்கம் திருப்பச் சொல்லிக் கேக்கறோம். ஒரு மணிக்குள்ள ஃபார்ம் போயாவணும். மேகம் மறுபடி மூட எத்தினி நாள் ஆவும்னு கேக்கறாங்க. அது உன் நோட்டுலதான் கீது. ஆனா அதுக்காக மட்டும் இல்லடி. கிராஃப் வந்தவொடனே பக்கத்துல திரும்பி "ஜுவே!"ன்னு கத்தினேன். உன் டேபிள்ல இப்போ பிரின்டர் கீது. அதப் பாத்து கத்திட்டு, வெளிய ஓடியாந்து செக்யூரிட்டி அசோகன் அண்ணனக் கட்டிப்புடிச்சிட்டேன். பாவம், எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சுன்னு நெனச்சிக்கினு கைகுடுத்தாரு... சிரிச்சிட்டே! சிரிச்சிட்டேடி!

வரேன் சார்! அவதான் சார்! பேசறா சார்!... சாருக்குக் காலு தரையில நிக்கல. அடையாறு சிக்னல் வரைக்கும் கேக்கற மாதிரி கத்தறாரு.

நோட்டு அங்கயே கீதா?... டியூஷன்லயே வெச்சிருக்கியா? தேடு, தேடு... கெடச்சுதா?... எத்தினி?... பதினெட்டா, இருபத்தெட்டா?... பதினெட்டு. ரெண்டு நாள் முன்னப்பின்ன. சரி, சரி, கையிலயே எழுதிக்கினேன்.

பேரு உன்னுதுதான் மொதல்ல... கேக்காதே, சாரே டைப் அடிச்சிட்டாரு. நான் ரெண்டாவது, சார் மூணாவது. "நிறுவனம்"னு ஒரு கட்டம் கீதுடி. நீ இங்க இல்லியே, இன்னா போடறது? காலியா விட்டா ஏத்துக்காது... டியூஷன் பேரா? நெஜமாவா?... சார், டியூஷன் பேரப் போடச் சொல்றா!... "பேஷா போடுங்கோ"ங்கறாரு. சொல்லு. ஷரீஃப் பிசிக்ஸ் சென்டர், மொதல் மாடி... ஜெராக்ஸ் கடைக்கு மேலன்னு எல்லாம் போடமுடியாதுடி!... உங்க அத்தா பேரு சாட்டிலைட்காரங்க லிஸ்ட்ல வரப்போவுது... அழாதே... நான் அழல... சரி, அழறேன்.

போயிடுச்சு! அனுப்பியாச்சு! "கிடைத்தது"ன்னு பதிலும் வந்துடுச்சுடி!

...பசங்க வந்துட்டாங்களா? சரி, நீ கிளாஸ் எடு, அப்புறமா... இன்னாது? ஸ்பீக்கர்லயா? இப்பவா?... எல்லாத்தியுமா?... நான் தப்பா சொன்னதத்தான் மொதல்ல சொல்லணுமா!... எத்தினி பேரு?... நாப்பத்தி மூணு பேரா! ஐயோ... சரி, சரி, போடு.

வணக்கம்பா. என் பேரு ரோஸி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் சொன்னது தப்பு. உங்க மிஸ் சொன்னதுதான் சரி... யாரும்மா அது, இன்னா தப்புன்னு கேக்கறது? நல்ல கேள்வி. ஒரு டார்ச் லைட்ட நெனச்சிக்கோங்க, அதுக்கு முன்னாடி... இன்னா ஜுவே? நீயே சொல்றியா?... சொல்லு, சொல்லு. நான் இங்க படிக்கட்டுல உக்காந்து கேக்கறேன்.

...ம்... ஆமா... ஆமாம்பா, மிஸ் சொல்றது கரெக்ட்... ம்... அதேதான்... அந்த மேகம் எப்படி நவுந்துச்சுன்னா... ஹலோ?... ஹலோ?

சார்! லைன் கட்டாயிடுச்சு, உங்க போனக் குடுங்க சார்! கிளாஸ் பாதியில கீது!