இரண்டாவது மரம்

ஹலோ... ஹலோ, கார்ப்பரேஷன்ல மரம் வெட்டுற பிரிவுதானே?... அப்பாடா! ஒன்பது தடவை அடிச்சிட்டேன் சார், ஒரு தடவையாவது எடுக்கக் கூடாதா?... சரி, சரி, வேலைதான், எல்லாருக்கும்தான் வேலை. முதல்ல உங்க ஆளுங்களை நிறுத்தச் சொல்லுங்க. இப்பவே... எந்த ஆளுங்களா? காலையில லாரியும் ரம்ப மெஷினுமா வந்து எங்க தெருவுல ஒரு மரத்தைச் சாய்ச்சாச்சு, இப்ப ரெண்டாவது மரத்துல கயிறு கட்டிட்டு இருக்காங்களே, அவங்களைத்தான்!

நானா? சலவைக் கடைக்காரி. கடை மாடியில நின்னுதான் பேசறேன்... எதுக்கு நிறுத்தணுமா? மரம் பூரா கொக்குக் கூடு சார். கூட்டுல குஞ்சு. இறக்கை முளைக்காத குஞ்சு! முதல் மரம் விழுந்தப்ப ரோட்டுல பொத்து பொத்துன்னு கொட்டுச்சு... ஆமா... ஆமா, உயிரோடதான். பாதி உயிரோட. பக்கத்து வீட்டு டீச்சர் என் துணிக்கூடையில பொறுக்கிப் போட்டுட்டு இருக்காங்க... டீச்சர்! அந்த ஸ்கூட்டருக்கு அடியில ஒண்ணு அசையுது பாருங்க!... உங்களை இல்ல சார். நீங்க சொல்லுங்க.

தாய்ப் பறவையெல்லாம் தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்துது. கேக்குதா?... கேக்காது. எப்படிக் கேக்கும்?

என்னது?... பறவை ஏன் தெருவுக்கு வருதுன்னு என்னையா கேக்கறீங்க? பின்னாடி இருந்த குளத்துல மண்ணை அடிச்சு, கார் நிறுத்த இடம் பண்ணது யாரு? நானா? உங்க ஆபீஸ்தானே! குளம் போச்சு, கரையில இருந்த மரம் போச்சு. அதுங்க என்ன, அட்வான்ஸ் கொடுத்து வாடகைக்கு வீடா பாக்கும்? மிஞ்சினது இந்த ரெண்டு மரம்தான்.

ம்... ம்... புகார் வந்துச்சு, தெரியும். மேஸ்திரியும் அதைத்தான் சொல்றான். புகார் கொடுத்தவங்க நேர்ல வந்து வேணாம்னு சொன்னா நிறுத்தறானாம். அதான் கேக்கறேன், நீங்களே அங்க இருந்து ரத்து பண்ணிடக் கூடாதா? யாருக்கும் தெரியாம... இல்ல, யாருக்கும் தொந்தரவு இல்லாமன்னு சொல்ல வந்தேன்.

பேரெல்லாம் எதுக்கு சார் படிக்கறீங்க... வேணாம்... ம்... சலவைக் கடை. ஆமா. ஆமா, ஆமா. நான்தான். நான்தான் கொடுத்தேன், போதுமா? மெதுவாப் பேசுங்க... நானா கத்தறேன்? சரி, நானும் மெதுவாப் பேசறேன். கீழ தெருவே கூடி நிக்குது.

அது போன வருஷம் சார். ஆஸ்பத்திரி விரிப்பு, வெள்ளை வெளேர்னு துவைச்சு மாடியில காயப் போட்டா, சாயங்காலம் அத்தனையும் எச்சம். மறுபடியும் துவைக்கணும். தினம் ரெண்டு வேலை. இடுப்பு ஒடிஞ்சு போச்சு. ஆத்திரத்துல எழுதிப் போட்டேன், மாடிப் பக்கம் நீட்டிட்டு இருக்கற கிளையை மட்டும் வெட்டுங்கன்னு... இல்லையா?... மரங்களை அகற்றவும்னா இருக்கு?... என் கையெழுத்தேதானா?... எழுதியிருப்பேன். அன்னிக்கு இருந்த எரிச்சல்ல எழுதியிருப்பேன்.

அதுக்குப் பத்து மாசமா என்ன பண்ணீங்க? கூடு காலியாக் கிடந்தப்ப ஒருத்தன் எட்டிப் பாக்கலையே! நானே மறந்து தொலைச்சேன். குஞ்சு பொரிச்ச வாரமாப் பாத்து வந்து நிக்கறீங்களே, நல்லா இருப்பீங்களா நீங்க?

ஐயோ, மெஷினைப் போட்டுட்டான்... என்ன? கேக்கல சார், சத்தமாச் சொல்லுங்க... நேர்ல போய்ச் சொல்றதா? எப்படிப் போவேன்? எந்தப் பாவி புகார் கொடுத்தான்னு காலையில இருந்து டீச்சர் திட்டிட்டு இருக்காங்க. நானும் கூடச் சேர்ந்து திட்டினேன் சார்! அவங்களைவிட ரெண்டு வார்த்தை அதிகமாவே திட்டினேன். அதனாலதான் அரை மணி நேரமா மாடியில ஒளிஞ்சு நின்னு உங்களுக்கு அடிக்கறேன்...

ஐயோ. கிளை சாயுது... விழுந்துடுச்சு. மூணு கூடு சார், அந்த ஒரு கிளையில மட்டும்... இருங்க. லைன்லயே இருங்க.

யோவ் மேஸ்திரி! நிறுத்துய்யா!... இங்க, மேல பாருய்யா! புகார் கொடுத்தது நான்தான்யா! நான்தான்! வேணாம், வெட்டாதே!

...

ஹலோ... ம். நிறுத்திட்டான்... ஆமா, மரம் நிக்குது. ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் கூடு. எல்லாரும் மேல பாக்கறாங்க... டீச்சரா? பாக்கறாங்க. குஞ்சுக் கூடையை அணைச்சுப் பிடிச்சுட்டுப் பாக்கறாங்க. நாலு திட்டு திட்டினாத் தேவலை.

என்னது?... இப்பவா சார் இதைக் கேப்பீங்க? புகார்தாரரின் குறை தீர்ந்ததுன்னு போட்டு ஃபைலை மூடணுமா?

தீரலை. தீரலைன்னு எழுதுங்க... காரணம் வேற வேணுமா? எழுதிக்கோங்க. நீங்க பத்து மாசம் கழிச்சு வந்தீங்க. நான் அரை மணி நேரம் கழிச்சுச் சொன்னேன். வைங்க ஃபோனை.